பெயர் இல்லாத பழைய கிராமபோனை எப்படி அடையாளம் காண்பது?

கேள்வி இதுதான்: அம்மப்பாவின் வீட்டில் சூட்கேஸ் போல மூடித் தூக்கிப் போகக்கூடிய ஒரு கிராமபோன் இருக்கிறது, வலப்பக்கத்தில் கைபிடியைச் சுற்றி முறுக்க வேண்டும், எங்கேயும் பெயரோ இலக்கமோ இல்லை, யார் செய்தது, எந்தக் காலத்தது?

பெயர் இல்லை என்பதற்காகப் போலி என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் பெட்டி செய்தவர் ஒருவர், ஸ்பிரிங்கில் ஓடும் மோட்டாரைச் செய்தவர் இன்னொருவர் என்பது சர்வசாதாரணம். இங்கிலாந்தின் கராட்டும், சுவிஸில் தோரன்ஸும் பய்யாரும் மோட்டார் செய்து மற்றக் கம்பனிகளுக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் அதைத் தங்கள் பெட்டியில் பூட்டி, ஒரு சின்னத் தகட்டிலோ ஒட்டுப்படத்திலோ தங்கள் பெயரைப் போட்டார்கள். தகடு விழுந்தால் பெயரும் போச்சு. எங்கள் பக்கத்து உப்புக்காற்றும் கறையானும் போதாதென்று போரால் வந்த 1995 இடப்பெயர்வு வேறு, யாழ்ப்பாணத்து வீடுகளில் நான் பார்த்த பெட்டிகளில் தகட்டோடு இருந்தவை மிகக் குறைவு.

மூடியைத் திறந்து, உள்பக்கத்தில் டோர்ச் வெளிச்சத்தைச் சரிவாக அடித்து வடிவாகப் பாருங்கள். சுன்னாகத்தில் ஒரு வீட்டுப் பெட்டியில், வெளிறிப்போன றெக்சினுக்கு நடுவே பொடி ஆணித் துளைகள் இரண்டு, அவற்றுக்கு இடையில் முட்டை வடிவில் மட்டும் பழைய கருநீலம் அப்படியே இருந்தது. தகடு இருந்த இடம் அது. அந்த வடிவமும் அளவுமே தேடுவதற்குப் போதுமான துப்பு. எச்.எம்.வி. கம்பனியின் பெட்டி என்றால் அவர்களின் சின்னமான நாய்ப்படம் அழிந்த பிறகும் சிலவேளை அதன் நிழல் தெரியும்.

பிறகு ஸ்பிரிங் முழுதாகத் தளரும்வரை ஓடவிட்டு, றெக்கோட் வைக்கும் தட்டை இரண்டு பக்கமும் ஒரேயளவு பிடித்து மேலே தூக்குங்கள். சிலவற்றில் நடுத்தண்டில் ஒரு சின்னக் கிளிப் இருக்கும், அதை முதலில் கழற்ற வேண்டும். தட்டுக்குக் கீழேயோ மோட்டாரின் உடம்பிலோ பெயர் பொறித்திருக்கலாம். ஆனால் கராட் என்று இருந்தால் பெட்டியும் கராட் என்று முடிவு கட்டக்கூடாது, மோட்டார் மட்டும்தான் அவர்களுடையது. ஸ்பிரிங் இருக்கும் உருளையை மட்டும் தயவுசெய்து திறக்க வேண்டாம், கையைக் கிழித்துவிடும்.

காலத்தைச் சொல்வதில் சவுண்ட் பொக்ஸ் நல்ல சாட்சி. ஊசி பூட்டும் அந்த வட்டத்துக்குள் கண்ணாடி போன்ற மைக்காத் தகடு என்றால் பெரும்பாலும் பழைய வகை. 1925இல் மின்சார ஒலிப்பதிவு வந்த பிறகு மெல்லிய அலுமினியத் தகடு பரவியது. எச்.எம்.வி. 102 என்ற போர்ட்டபிள் 1931இல் வந்தது, அதன் சவுண்ட் பொக்ஸில் பெரும்பாலும் 5ஏ அல்லது 5பி என்று இருக்கும். ஆனால் இதைக் கழற்றி மாற்றுவது சுலபம், ஆகவே இதை மட்டும் நம்பி ஆண்டு சொல்ல ஏலாது. இதன் பழைய கலப்பு உலோகம் காலப்போக்கில் வெடித்துப் பிளக்கும், பலமாகத் திருகாதீர்கள்.

ஒரு விஷயத்தை மன்றாடிக் கேட்கிறேன். யாராவது பித்தளைப் புனல் பூட்டி, நாய்ப்படத் தகடு அடித்து, பளபளவென்று ஆக்கித் தருகிறேன் என்றால் கொடுக்க வேண்டாம். இந்தியாவில் இருந்து வரும் அப்படியான புனல் கிராமபோன்களில் எத்தனையோ, உங்களுடையது மாதிரியான ஒரு நல்ல போர்ட்டபிளின் மோட்டாரை உருவிப் புதுப் பலகைப் பெட்டியில் போட்டவை. பெயர் இல்லாவிட்டாலும் உங்களுடையது எல்லாம் சேர்ந்த முழுப்பெட்டி, அதுவே பெரிய விஷயம். மெருகெண்ணெய் பூசி மினுக்கவும் வேண்டாம், மிச்சமிருக்கிற அடையாளமும் போய்விடும்.

போட்டுக் கேட்பதென்றால் 78 வேக இசைத்தட்டு மட்டும், ஒரு பக்கத்துக்கு ஒரு புது இரும்பு ஊசி. பிறகு வந்த, மெதுவாகச் சுற்றும் எல்.பி. இசைத்தட்டை வைத்தால் சவுண்ட் பொக்ஸைத் தாங்கும் அந்தப் பாரமான கை அதை உழுதுவிடும்.

மூடியின் உள்பக்கம், தட்டைத் தூக்கிய பிறகு தெரியும் மோட்டார் பலகை, சவுண்ட் பொக்ஸின் பின்பக்கம் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.