பொண்ணு ஹியூமன் ஃபேக்டர்ஸ் படிக்கணும்ங்கறா, சேத்து விடலாமா? கோத்தகிரி அக்காவுக்கு பதில்

அக்கா வணக்கம். பொண்ணு பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், இன்ஜினியரிங்கும் சைக்காலஜியும் கலந்த ஏதோ படிப்பு கேக்குறா, இங்க யாருக்கும் அதைப் பத்தி தெரியல, சேத்து விட்டா நாளைக்கு சோறு போடுமான்னு கேட்டிருந்தீங்க. அவ கேக்குற ஹியூமன் ஃபேக்டர்ஸ் நெஜமான துறை, நல்ல துறை. ஆனா அந்தப் பேர்லயே ஒரு பி.இ. எங்க இருக்குன்னு தேடி அலையாதீங்க, இப்போதைக்கு அது தேவையே இல்ல.

என்ன வேலைன்னா, மெஷினோ ரோடோ மொபைல் ஆப்போ எதுவா இருந்தாலும் அதை யூஸ் பண்ற மனுஷனோட கண்ணு, கை, ஞாபகம், களைப்பு எல்லாத்தையும் கணக்குல எடுத்து டிசைன் பண்றது. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல அமெரிக்காவோட பி-17 விமானத்துல பைலட்டுங்க பத்திரமா தரையிறங்கின பிறகு இறக்கையில இருக்கற ஃபிளாப்பை மடக்கறேன்னு சக்கரத்தை மடக்கிட்டாங்க, விமானம் வயித்துல உக்காந்துடும். பைலட் தப்புன்னு எழுதி ஃபைலை மூடிட்டு இருந்தாங்க. அல்ஃபோன்ஸ் சப்பானிஸ்னு ஒரு சைக்காலஜிஸ்ட் போய் பாத்தா ரெண்டு சுவிட்சும் பக்கத்து பக்கத்துல, தொட்டுப் பாத்தா ஒரே மாதிரி. சக்கர சுவிட்சு நுனியில சின்னதா ஒரு சக்கரம், ஃபிளாப் சுவிட்சுல ஃபிளாப் வடிவத்துல ஒரு துண்டு, அவ்ளோதான் மாத்தினார். பாக்காம கை வச்சாலே தெரிஞ்சிடும். 1947ல பால் ஃபிட்ஸ், ஜோன்ஸ்னு ரெண்டு பேர் இந்த மாதிரி 460 சம்பவத்தை வரிசையா ஆராய்ஞ்சு, பைலட் தப்புன்னு சொல்றதுல நிறைய டிசைன்ல இருந்தே வருதுன்னு காட்டினாங்க. இந்தத் துறை வேர் புடிச்சதே அந்தக் காலத்துலதான்.

நம்ம மலையிலயே பாருங்க. ஊட்டியில இருந்து மசினகுடிக்கு இறங்கற கல்லட்டி ரோட்டுல 36 கொண்டை ஊசி வளைவு, செகண்ட் கியர்ல இறங்குங்கன்னு போர்டு இருக்கு, அப்பவும் சமவெளில இருந்து வந்தவங்க பிரேக்கையே மிதிச்சு மிதிச்சு இறங்கி, பிரேக் சூடாகி புடிக்காம போயி விபத்து ஆகியிருக்கு. டிரைவர் சரியில்லன்னு நாம பேசிட்டு போயிடுவோம், இந்தத் துறைக்காரங்க கேக்குற கேள்வி வேற: போர்டு எந்த இடத்துல இருக்கு, பனியில தெரியுமா, ஆட்டோமேட்டிக் கார் ஓட்டறவருக்கு செகண்ட் கியர்னா என்ன புரியும், பிரேக் சூடாகறது ஓட்டறவருக்கு முன்கூட்டியே தெரிய வழி இருக்கா. உங்க பொண்ணு ஏற்கனவே இப்படி யோசிக்கறாங்கறது நீங்க எழுதினதுலயே தெரியுது, கத்திரி போட்டு தேயிலைக் கொழுந்து வெட்டறப்ப உங்களுக்கு தோள் வலிக்குதுன்னா அந்தக் கத்திரியோட புடியைத்தான் மாத்தணும்னு சொன்னாளாமே, அதுக்குப் பேரு எர்கனாமிக்ஸ், இதே துறைதான். எடை தூக்கறதுக்கு அமெரிக்காவோட நியோஷ்ங்கற தொழிலாளர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் ஒரு கணக்கு வச்சிருக்கு, எல்லாமே சரியா அமைஞ்ச நிலையிலயே 23 கிலோதான் அளவு, உடம்பை விட்டுத் தள்ளி, குனிஞ்சு, திரும்பி, அடிக்கடி தூக்கினா அந்த அளவு குறைஞ்சிட்டே வரும். சரிவுல கொழுந்து மூட்டை தலையில வச்சு நடக்கறவங்களைப் பாத்து வளந்த பொண்ணுக்கு இந்தக் கணக்கு எதுக்குன்னு யாரும் விளக்க வேண்டாம், அது அவளுக்கு பெரிய பலம்க்கா, நெஜமா சொல்றேன்.

சரி படிப்புக்கு வர்றேன். இதுக்கு ரெண்டு பக்கமும் கதவு இருக்கு. மேத்ஸ் புடிக்கும்னா தமிழ்நாடு இன்ஜினியரிங் சேர்க்கைக்கான டிஎன்இஏ கவுன்சிலிங்ல மெக்கானிக்கல், ஈசிஇ, கம்ப்யூட்டர் சயின்ஸ் எதுவும் எடுக்கலாம், கிண்டி காலேஜ்ல இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் கிடைச்சா இன்னும் பக்கம். மேத்ஸ்னாலே அழறான்னா பிஎஸ்சி சைக்காலஜி, கோயம்புத்தூர்லயே இருக்கு, ஆனா அங்கயும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வரும், அதுல இருந்து தப்பிக்க முடியாது, தப்பிக்கவும் கூடாது, ஏன்னா ஒரு டிசைன் நல்லா இருக்கா இல்லையான்னு நம்பர்ல காட்டத் தெரிஞ்சவங்களைத்தான் கம்பெனி எடுக்கும். மூணாவது வழி டிசைன் படிப்புக்கான யூசீட் (UCEED) எக்ஸாம், ஐஐடி பாம்பே நடத்துது, ஜனவரில வரும், பிளஸ் டூல எந்த குரூப்பா இருந்தாலும் எழுதலாம், வரையத் தெரியணும், அதுல நல்ல ரேங்க் வந்தா ஐஐடிகள்ல பி.டெஸ்னு டிசைன் டிகிரி. போட்டி ஜாஸ்தி, அதை மட்டும் நம்பி உக்காந்துடாதீங்க.

ஸ்பெஷலைஸ் பண்றது மாஸ்டர்ஸ்லதான். டிகிரி முடிச்சு சீட்னு (CEED) ஒரு எக்ஸாம் எழுதி ஐஐடி பாம்பே, ஐஐடி கவுகாத்தி மாதிரி இடத்துல எம்.டெஸ், அதாவது டிசைன் மாஸ்டர்ஸ் போகலாம், இல்ல காந்திநகர் ஐஐடில மனுஷ மூளை எப்படி யோசிக்குதுன்னு படிக்கற காக்னிட்டிவ் சயின்ஸ். இன்ஜினியரிங் படிச்சவங்க, சைக்காலஜி படிச்சவங்க ரெண்டு பேரும் இதுக்கு வர்றாங்க. வெளிநாட்டுல இந்தப் பேர்லயே மாஸ்டர்ஸ் நிறைய இருக்கு, ஆனா நிலத்தை அடமானம் வச்சு அனுப்பறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன், ரெண்டு வருஷம் வேலை பாத்துட்டு ஸ்காலர்ஷிப்போட போகட்டும்.

உங்க வீட்டுக்காரர் பயம் புரியுது, சைக்காலஜின்னா கவுன்சிலிங் ஆஸ்பத்திரின்னு நினைக்கறார். நோயாளியைப் பாக்குற கிளினிக்கல் சைக்காலஜிக்கு ஆர்சிஐங்கற இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு வேணும், இதுக்கு வேண்டாம்.

வேலை விளம்பரத்துல இந்தப் பேர் கம்மியாதான் வரும்க்கா, அதைப் பாத்து வேலையே இல்லன்னு நினைச்சிடாதீங்க. ஆப், வெப்சைட்டை ஜனங்க எப்படி யூஸ் பண்றாங்கன்னு ஆராயற யூஎக்ஸ் ரிசர்ச்சர், யூசபிலிட்டி இன்ஜினியர், எர்கனாமிஸ்ட், சேஃப்டி இன்ஜினியர், காருக்குள்ள இருக்கற ஸ்கிரீன் டிசைன் பண்றவங்க, எல்லாம் இந்த வேலைதான். நான் இதுல நம்பிக்கை வைக்கறது மருத்துவ கருவி பக்கம். நரம்பு வழியா மருந்து ஏத்தற இன்ஃபியூஷன் பம்ப்ல நர்ஸ் ஒரு தசமப் புள்ளி தவறா அமுக்கினா மருந்து பத்து மடங்கு போயிடும், அதனால ஐஇசி 62366னு ஒரு சர்வதேச தரமே இருக்கு, மருந்து, மருத்துவ கருவிக்கு அனுமதி தர்ற அமெரிக்காவோட எஃப்டிஏவும் இந்த மாதிரி ஆபத்தான கருவிகளுக்கு, மனுஷங்களை வச்சு டெஸ்ட் பண்ணியான்னு கேக்குது. மருத்துவ கருவி செய்யற கம்பெனிங்க பெங்களூர்ல இருக்கு. கார் பக்கம்னா சென்னை. ஊட்டி கோத்தகிரில உக்காந்து பாக்குற வேலை இல்ல, இறங்கித்தான் ஆகணும், அதுக்கு நீங்க மனசை இப்பவே தயார் பண்ணிக்கோங்க. ஆரம்ப சம்பளம் சாஃப்ட்வேர் அளவுக்கு இல்லாம போகலாம். மூணு மாசத்துல யூஎக்ஸ் சர்டிஃபிகேட், வேலை கேரண்டின்னு ஃபோன் வந்தா கட் பண்ணிடுங்க.

இப்ப லீவுல அவ செய்ய வேண்டியது ஒண்ணு. உங்க தோட்டத்துலயோ, பேக்டரில பெர்மிஷன் கிடைச்சா அங்கயோ, ஒரு வேலையை மட்டும் எடுத்து ஒரு வாரம் பாக்கட்டும், யாரு எத்தனை தடவை குனியறாங்க, எங்க தயங்கறாங்க, எந்த சுவிட்சுக்கு கை எட்டலன்னு படம் வரைஞ்சு நோட்ல எழுதட்டும், ஒரு மாத்தம் செஞ்சு பாத்துட்டு அப்புறம் என்ன ஆச்சுன்னும் எழுதட்டும். நாளைக்கு எம்.டெஸ் இன்டர்வியூல போர்ட்ஃபோலியோ கேப்பாங்க, அதுல இது முதல் பக்கமா நிக்கும்.

அவ ஆறாவதுல இருந்து கவர்மென்ட் ஸ்கூல்தானா? அப்படின்னா இன்ஜினியரிங்ல 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, அதுல சீட் கிடைச்சா ஃபீஸை அரசே கட்டும், புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாயும் வரும். அதையும் அவளோட மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மார்க்கையும் அனுப்புங்க, கட் ஆஃப் பாத்து எந்தெந்த காலேஜ் எந்த ஆர்டர்ல போடறதுன்னு எழுதித் தர்றேன்.