ரஷ்யாவின் 'பாமியத்' இயக்கம் எப்படித் தொடங்கி எப்படிச் சிதறியது?

'பாமியத்' என்றால் ரஷ்ய மொழியில் நினைவு. 1980 வாக்கில் மாஸ்கோவில் பழைய தேவாலயங்களையும் நினைவுச்சின்னங்களையும் காக்க விரும்பியவர்களின் சங்கமாகத்தான் ஆரம்பித்தது. நல்ல நோக்கம். 1980-களின் நடுவில் திமித்ரி வசிலியேவ் தலைமைக்கு வந்ததும் யூத வெறுப்பு அதை விழுங்கிவிட்டது. சோவியத் ஆட்சியில் தேவாலயங்களை இடித்த பழியைக்கூட யூதர்கள்மேல் போட்டார்கள். இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது.

1987 மே 6 அன்று மானேஜ் சதுக்கத்தில் சில நூறு பேர் பதாகைகளோடு கூடினார்கள். மாஸ்கோ கம்யூனிஸ்ட் கட்சித் தலைவராக இருந்த யெல்த்சினே அவர்களைச் சந்தித்துப் பேசினார். அனுமதியில்லாத கூட்டத்துக்கு அப்போதெல்லாம் கிடைக்காத மரியாதை அது.

அப்புறம் உட்பூசல்தான். 1990-இல் இயக்கத்தில் இருந்த பர்காஷோவ் பிரிந்துபோய் 'ரஷ்ய தேசிய ஒற்றுமை' என்ற தீவிர தேசியவாத அமைப்பைத் தொடங்கினார். அதே ஆண்டு, மாஸ்கோவின் எழுத்தாளர் இல்லத்தில் புகுந்து ரகளை செய்த, பாமியத்தின் ஒரு பிரிவுக்குத் தலைவரான ஸ்மிர்னோவ்-ஒஸ்தாஷ்விலிக்கு 2 ஆண்டு சிறை. வசிலியேவ் 2003-இல் இறந்தபோது இயக்கம் சிறு குழுவாகச் சுருங்கியிருந்தது.