கரிச் சுரங்க முதலாளி கவர்னர் ஆன கதை: ஜேம்ஸ் டன்ஸ்மூர் கேள்வி பதில்

கனடாவோட மேற்குக் கோடியில பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம், அங்க நிலக்கரிச் சுரங்க முதலாளியா இருந்து முதல்வராகி, அப்புறம் லெப்டினன்ட் கவர்னரும் ஆனவர் ஜேம்ஸ் டன்ஸ்மூர் (1851-1920). ரொம்ப வருஷமா இவரைப் பத்திப் படிச்சிட்டு வர்றேன், கேளுங்க.

கேள்வி: லெப்டினன்ட் கவர்னர்னா நம்ம ஊர் கவர்னர் மாதிரியா சார்?

கிட்டத்தட்ட அதேதான். கனடாவுக்கும் ராஜாவா இருக்கிற பிரிட்டிஷ் ராஜாவோட பிரதிநிதி, ஆனா நியமிக்கிறது ஒட்டாவால இருக்கிற மத்திய அரசு. சட்டசபை பாஸ் பண்ற மசோதாவுக்கு இவர் ஒப்புதல் கொடுக்கணும். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கீழ வேணும்.

கேள்வி: பரம்பரைப் பணக்காரரா அண்ணே?

இல்லப்பா. அப்பா ராபர்ட், ஸ்காட்லாந்துலேர்ந்து ஒப்பந்தக் கூலியா வந்த சுரங்கத் தொழிலாளி. வர்ற வழியிலதான் ஜேம்ஸ் பொறந்தார், இப்போ அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல இருக்கிற ஃபோர்ட் வான்கூவர்ல. 1869ல அப்பா பிரிட்டிஷ் கொலம்பியாவுல வான்கூவர் தீவுல வெலிங்டன் கரிப் படிவத்தக் கண்டுபிடிச்சார், அப்புறம் ரயில் பாதை போடறதுக்குன்னு அரசாங்கம் அவருக்கு 7,50,000 டாலரும் சுமார் 20 லட்சம் ஏக்கர் நிலமும் அள்ளிக் கொடுத்துச்சு.

கேள்வி: முதல்வரா என்ன சாதிச்சார்?

சொல்லிக்கிற மாதிரி பெருசா இல்ல. 1900 ஜூன்லேர்ந்து 1902 நவம்பர் வரைக்கும் இருந்தார், அரசியல் அவருக்கு ஒட்டவே இல்ல. தம்பி அலெக்ஸாண்டர் 1900ல செத்துப்போய் சொத்து முழுக்க இவருக்கு எழுதி வெச்சதால பெத்த அம்மாவே கோர்ட்டுல எதிர்ப்பக்கம் நின்னாங்க, 1906ல அப்போ கடைசி அப்பீல் கோர்ட்டா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த்தான் ஜெயிச்சார், கவர்னர் ஆனதும் அதே வருஷம்தான்.

கேள்வி: தொழிலாளிங்கள நல்லா நடத்தினாரா?

இல்லங்க. அவரோட எக்ஸ்டென்ஷன்ங்கிற சுரங்கத்துல வேலை வேணும்னா, தான் உருவாக்கின லேடிஸ்மித் ஊர்லதான் குடியிருக்கணும்னுட்டார். வெலிங்டன்ல இருந்த வீடுங்கள ரயில் வண்டில ஏத்திக் கொண்டு வந்து அங்க இறக்கினாங்க, யோசிச்சுப் பாருங்க, குடும்பம் நடத்தின வீடு அப்படியே சரக்கு மாதிரி தண்டவாளத்துல போகுது! சங்கம்னாலே அவருக்கு ஆகாது. சீனத் தொழிலாளிங்களுக்கு வெள்ளைக்காரங்க கூலில ஏறக்குறைய பாதிதான்.

கேள்வி: இவரோட உருவபொம்மைய எரிச்சாங்களாமே, ஏன்?

இதுதான் முக்கியமான கேள்வி. 1907ல ஆசியாக்காரங்க உள்ள வர்றதத் தடுக்க மாகாண சட்டசபை ஒரு மசோதா பாஸ் பண்ணுச்சு, ஐரோப்பிய மொழி ஒண்ணுல டெஸ்ட் வெச்சு வடிகட்டற சட்டம். டன்ஸ்மூர் ஒப்புதல் கொடுக்கல. ஜப்பானோட பிரிட்டன் நட்புல இருந்த சமயம், ஒட்டாவாவுக்கும் அந்தச் சட்டம் வேண்டாம். செப்டம்பர் 7, பிரிட்டிஷ் கொலம்பியாவுல இருக்கிற வான்கூவர் நகரத்துல சிட்டி ஹால் முன்னாடி கூட்டம் கூடி அவர் பொம்மைய எரிச்சுது, அதோட நிக்காம சைனாடவுனுக்குள்ள பாஞ்சு கடைக் கண்ணாடி எல்லாத்தையும் நொறுக்கிட்டு ஜப்பான்காரங்க இருந்த பவல் ஸ்ட்ரீட்டுக்குப் போச்சு, அங்க அவங்க கூரை மேல ஏறிக் கல்லும் பாட்டிலுமா எறிஞ்சு விரட்டிட்டாங்க. கலவரத்த விசாரிக்க வந்தவர் மெக்கன்சி கிங், பின்னாடி பிரதமர் ஆனவர். அப்பத்தான் வெளிய வந்துச்சு, டன்ஸ்மூரோட சுரங்கக் கம்பெனியே ஜப்பான் ஆட்களக் கொண்டு வர ஏஜென்ட் கம்பெனியோட ஒப்பந்தம் போட்டிருந்தது! அந்தச் சட்டம் இனவெறிச் சட்டம், வராம நின்னது நல்லதுதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா சட்டம் வராததால லாபம் அடையற முதலாளியும் ஒப்புதல் கொடுக்கிற கவர்னரும் ஒரே ஆளா இருந்தது பெரிய தப்பு. அவர் பதவிய ஏத்துக்கும்போதே சுரங்கத்த விட்டிருக்கணும்.

கேள்வி: அப்போ பதவி போனது அதனாலயா?

இல்ல, அதுக்கப்புறமும் ரெண்டு வருஷம் இருந்தார். 1909 அக்டோபர் 5 எக்ஸ்டென்ஷன் சுரங்கம் வெடிச்சு 32 பேர் செத்தாங்க, முதலாளி அப்பவும் கவர்னர்தான். டிசம்பர்ல பதவியிலேர்ந்து இறங்கினார், 1910ல சுரங்கங்கள வில்லியம் மெக்கன்சி (மேல சொன்ன கிங் இல்ல), டொனால்ட் மான்ங்கிற ரயில்வே முதலாளிங்களுக்கு 1.1 கோடி டாலருக்கு வித்துட்டு மீன் பிடிக்கிறதும் கப்பல்ல சுத்தறதுமா இருந்தார். 1915ல லூசிடானியாங்கிற பயணிகள் கப்பல் ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கி மூழ்கினப்போ அவர் மகனும் அதுல செத்துப்போனான். மாகாணத் தலைநகர் விக்டோரியா பக்கத்துல அவர் கட்டின ஹாட்லி மாளிகை இன்னும் இருக்கு, இப்போ ராயல் ரோட்ஸ் யுனிவர்சிட்டி அங்கதான் நடக்குது.