மறு: எபேன் (மொரிஷியஸ்) அலுவலகத்தில் ஆள் நிற்பதில்லை, என்ன செய்யலாம்?
வணக்கம் ஐயா. 22 பேர் கொண்ட கணக்கு அலுவலகம், ஒரே வருடத்தில் 6 பேர் பக்கத்துக் கட்டடத்துக்குத் தாவிவிட்டார்கள், ஃபிளிக்-என்-ஃபிளாக் கடற்கரையில் விருந்து வைத்தால் ஒட்டுதல் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வையுங்கள், சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். (கிண்டல் இல்லை, நானும் வைத்தவன்தான்.) டிசம்பர் போனஸையும் கணக்கில் சேர்க்காதீர்கள், மொரிஷியஸில் அது சட்டப்படி கொடுக்க வேண்டியது, போட்டிக்காரரும் கொடுப்பார்.

"தப்பு நடந்தால் கடைசி நாளில்தான் எனக்குத் தெரிகிறது" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், கோளாறு அங்கேதான். சொன்னால் திட்டு விழும் என்று பயப்படுகிறார்கள். டொயோட்டா ஆலையில் சாதாரணத் தொழிலாளிகூடக் குறையைக் கண்டால் கயிற்றை இழுத்து வேலையை நிறுத்தலாம். உங்களிடம் அந்தக் கயிறு இல்லை.

போர்ட் லூயிஸில் என் அச்சகத்தில் கூட்டம் பிரெஞ்சில் நடக்கும், சாப்பாட்டு மேசையில் எல்லாம் எங்கள் ஊர்ப் பேச்சுமொழியான கிரியோல். ஒருநாள் கூட்டத்தையும் கிரியோலில் நடத்தினேன். வாயே திறக்காத பையன், மூன்று மாதமாகத் தாள் வீணாகும் இடத்தைச் சொன்னான். எல்லோர் முன்னாலும் அவனுக்கு நன்றி சொன்னேன். அதற்கப்புறம் மற்றவர்களும் பேச ஆரம்பித்தார்கள்.

இன்னொன்று: தைப்பூசக் காவடி பொது விடுமுறை. அன்றைக்கு வாட்ஸப்பில் வேலை கேட்காதீர்கள்.

போன 6 பேரில் இருவரையாவது தேநீருக்குக் கூப்பிடுங்கள். சம்பளம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். அரை மணி கழித்து ஒரு பெயர் வெளியே வரும். உங்கள் மேலாளர் பெயராக இருக்கலாம். உங்கள் பெயராகவும் இருக்கலாம், கோபப்படாமல் கேளுங்கள்.