நெபுலாவுக்கு வண்ணம் பூசுவது: நாரோபேண்ட் கேள்வி பதில்

நெபுலா என்பது விண்ணில் ஒளிரும் வாயு மேகம். நாரோபேண்ட் ஃபில்டர் ஒரு வாயுவின் ஒளி இருக்கும் குறுகிய அலைநீளப் பட்டையை மட்டும் உள்ளே விடும். ஹைட்ரஜன் ஆல்ஃபா, ஓ-3 (ஆக்சிஜன்), எஸ்-2 (கந்தகம்) ஃபில்டர்களில் எடுத்த படங்களைச் சேர்ப்பது பற்றி வந்த கேள்விகள் இவை. ஹைட்ரஜன் ஆல்ஃபாவைச் சுருக்கமாக ஆல்ஃபா என்றே எழுதுகிறேன்.

கேள்வி: ஹப்பிள் எடுத்த ஈகிள் நெபுலா பொன்னும் நீலமுமாக இருக்கிறது. அதே முறையில் சேர்த்தால் எனக்கு முழுக்கப் பச்சைதான் வருகிறது. எங்கே தப்பு, சார்?

தப்பு ஒன்றும் இல்லை. 1995-இல் எடுத்த அந்தத் தூண்கள் படத்தில் எஸ்-2வைச் சிவப்புக்கும், ஆல்ஃபாவைப் பச்சைக்கும், ஓ-3ஐ நீலத்துக்கும் கொடுத்தார்கள். பெரும்பாலான நெபுலாக்களில் ஆல்ஃபாவின் கைதான் ஓங்கியிருக்கும். அப்படியே சேர்த்தால் பச்சை வராமல் என்ன செய்யும்?

மூன்றையும் தனித்தனியாக ஸ்ட்ரெச் செய்யுங்கள், அதாவது மங்கிய பகுதிகளைப் பிரகாசமாக்குங்கள். எஸ்-2வையும் ஓ-3ஐயும் ஆல்ஃபாவின் பிரகாசத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்த பிறகு சேருங்கள். சிவப்பும் பச்சையும் கலந்த இடம் தானாகப் பொன்னிறமாகும். மிச்சமிருக்கும் பச்சைக்குத்தான் பச்சை நீக்கும் கருவி. பலர் அதை முதலிலேயே முழு அளவில் ஓட்டிவிடுகிறார்கள். ஆல்ஃபாவில் நாலு ராத்திரி உட்கார்ந்து சேர்த்ததில் பாதி அங்கேயே போய்விடும்.

கேள்வி: அப்படியானால் இந்த நிறங்கள் பொய்தானே?

ஆல்ஃபாவின் அலைநீளம் 656.3 நானோமீட்டர், எஸ்-2 சுமார் 672. கண்ணுக்கு இரண்டும் ஒரே சிவப்பு. இயற்கை நிறத்தில் வைத்தால் ஹைட்ரஜன் எது, கந்தகம் எது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. நிறம் நம் தேர்வு. எந்த வாயு எங்கே ஒளிர்கிறது என்பது நம் கையில் இல்லை.

படம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க நான் நம்புவதும் இதைத்தான். ஆக்சிஜனிலிருந்து இரண்டு எலக்ட்ரான்களைப் பிடுங்கினால்தான் ஓ-3 ஒளி வரும். அந்த இரண்டாவதைப் பிடுங்க 35 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். ஹைட்ரஜனுக்கு 13.6, கந்தகத்தின் முதல் எலக்ட்ரானுக்குப் பத்து சொச்சம் போதும். அதனால் சூடான விண்மீன்களுக்குப் பக்கத்தில் ஓ-3, வெளி விளிம்பில் எஸ்-2. ரோசெட் நெபுலாவில் நடுவிலுள்ள விண்மீன் கூட்டத்தைச் சுற்றி நீலம் தெரிய வேண்டும். உங்கள் படத்தில் ஒரு மூலையில் மட்டும் நீலம் ஏறியிருந்தால் அது ஆக்சிஜன் இல்லை, பக்கத்து வீட்டு விளக்கு. ஒவ்வொரு சேனலிலும் (ஒவ்வொரு ஃபில்டர் படத்திலும்) பின்னணிச் சரிவை, அதாவது வானம் ஒரு பக்கம் மட்டும் வெளுத்திருப்பதை, முதலில் நீக்குங்கள்.

(ஓ-3 ஒளியின் நிறமாலைக் கோட்டை 1864-இல் வில்லியம் ஹக்கின்ஸ் பூனைக்கண் நெபுலாவில் பார்த்தபோது எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. புதுத் தனிமம் என்று நினைத்து அதற்கு 'நெபுலியம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அது ஆக்சிஜன்தான் என்று 1927-இல் ஐரா போவன் சொல்லும்வரை அந்தப் பெயர் ஓடியது.)

கேள்வி: என்னிடம் இருப்பது கலர் கேமராவும் டூயல் பேண்ட் ஃபில்டரும்தான். முடியுமா அண்ணா?

முடியும். உங்கள் டூயல் பேண்ட் ஃபில்டர் ஆல்ஃபா, ஓ-3 இரண்டையும் மட்டும் உள்ளே விடும். ஆல்ஃபா சிவப்புப் பிக்சலில் விழும், ஓ-3 பச்சையிலும் நீலத்திலும் விழும். சிரில் மென்பொருளில் இரண்டையும் பிரித்துத் தரும் ஸ்கிரிப்ட் இருக்கிறது, அதுவும் இலவசம். ஆல்ஃபாவைச் சிவப்புக்கும் ஓ-3ஐப் பச்சை, நீலம் இரண்டுக்கும் கொடுங்கள். வெய்ல் (Veil) நெபுலாவுக்கு இதுவே போதும். எனக்கு ஹப்பிள் பாணியைவிட இதுதான் பிடிக்கும். எஸ்-2 மட்டும் இதில் கிடைக்காது.

கேள்வி: ஓ-3 ஒரே மணல் மாதிரி இருக்கிறது. ஸ்ட்ரெச் செய்தால் இன்னும் மோசம்.

எவ்வளவு நேரம் எடுத்தீர்கள்? இரண்டு மணி நேரம் என்றால், மணல் பாதியாகக் குறைய எட்டு மணி நேரம் வேண்டும். நாலு மடங்கு நேரத்துக்கு இரண்டு மடங்கு பலன், கணக்கு அவ்வளவுதான். நிலவு இருக்கும் இரவை ஆல்ஃபாவுக்குக் கொடுத்துவிட்டு, அமாவாசையை ஒட்டிய நாட்களை ஓ-3க்கு வையுங்கள். நாய்ஸ் (அந்த மணல்) குறைப்பதை ஸ்ட்ரெச்சுக்கு முன்பே, அளவாகச் செய்யுங்கள். அதிகமானால் நெபுலா மெழுகில் செய்ததுபோல் ஆகிவிடும்.

கேள்வி: விண்மீன்களைச் சுற்றி ஊதா வளையம்?

எஸ்-2வையும் ஓ-3ஐயும் அதிகமாக இழுத்ததால் சிவப்பிலும் நீலத்திலும் விண்மீன்கள் பருத்துவிட்டன. ஸ்டார்நெட் போன்ற கருவியால் விண்மீன்களை எடுத்துவிட்டு நெபுலாவை மட்டும் செதுக்குங்கள். அப்புறம் சாதாரண ஆர்ஜிபியில் (சிவப்பு, பச்சை, நீல ஃபில்டர்களில்) கால் மணி நேரம் எடுத்த விண்மீன்களை ‘ஸ்கிரீன்’ என்ற கலப்பு முறையில் மேலே வைத்தால் இயற்கை நிறம் வந்துவிடும்.

கேள்வி: எங்கள் தெருவில் சோடியம் விளக்கை எடுத்துவிட்டு வெள்ளை எல்இடி போட்டுவிட்டார்கள். நாரோபேண்ட் உதவுமா?

உதவும், ஆனால் முன்பு போல இல்லை. சோடியத்தின் ஒளி பெரும்பாலும் 589 நானோமீட்டரை ஒட்டியது, ஃபில்டர் அதைச் சுலபமாகத் தடுத்துவிடும். எல்இடி எல்லா அலைநீளத்திலும் பரவுவதால் கொஞ்சம் உள்ளே வரத்தான் செய்யும். 7 நானோமீட்டர் பட்டைக்குப் பதில் 3 நானோமீட்டர் பட்டையை மட்டும் விடும் ஃபில்டர் வித்தியாசம் காட்டும், விலையும் காட்டும்.

கேள்வி: ஃபிளாட் எடுத்தே ஆக வேண்டுமா?

ஆம். ஃபிளாட் என்பது சீரான வெளிச்சத்தை எடுக்கும் படம்; தூசு நிழலையும் ஓர இருட்டையும் நீக்க அது வேண்டும். ஒவ்வொரு ஃபில்டருக்கும் தனியாக, கேமராவைத் திருப்பாமல், ஃபோகஸை மாற்றாமல். ஆரம்பத்தில் நான் சோம்பல்பட்டு விட்டுவிட்டேன். ஆல்ஃபாவையும் ஓ-3ஐயும் சேர்த்த படத்தின் ஓரத்தில் அழகான மெல்லிய நீல வட்டம் தெரிந்தது. யாரும் பார்க்காத கோள்வடிவ நெபுலாவைப் பிடித்துவிட்டோம் என்று ஒரு ராத்திரி முழுக்க நட்சத்திர வரைபடங்களைப் புரட்டினேன். மறுநாள் ஆல்ஃபா ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால், அதன்மேல் ஒரு தூசு.