கவுன்சலிங் வீடியோவில், மாமியார் அடுத்த அறையில்: கேள்வி பதில்

ஆன்லைன் மனநல ஆலோசனை பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, ஆலோசனை உளவியல் துறையில் இருக்கும் உறுப்பினர் அளித்த பதில்கள்.

கேள்வி (செல்வி, திருநெல்வேலி): மேடம், வீட்டில் தனி அறை கிடையாது. நான் பேசுவது எல்லாருக்கும் கேட்கும். எப்படித்தான் பேசுவது?

இயர்போன் போட்டால் ஆலோசகர் குரல் வெளியே வராது. மிச்சம் உங்கள் குரல்தான். ரேடியோவோ டிவியோ ஓடுவதானால் கதவுக்கு வெளியே ஓடட்டும். உள்ளே வைத்தால் அந்தச் சத்தம் மைக்கில் ஏறி, ஆலோசகருக்கு உங்கள் பேச்சு புரியாமல் போகும். பெயர்களையும் சிக்கலான விஷயங்களையும் சாட்டில் தட்டச்சு செய்யுங்கள், வாயால் ‘ஆமா, இல்ல’ போதும். யாராவது வந்துவிட்டால் சொல்ல ஒரு வாக்கியத்தை முதல் அமர்விலேயே பேசி வையுங்கள். “குக்கரை அணைச்சிட்டு வரேன்” என்றால் ஆலோசகர் உடனே பேச்சை மாற்றிவிட வேண்டும். மொட்டை மாடி, நிறுத்தி வைத்த கார், வேலை முடிந்தபின் காலியாக இருக்கும் அலுவலக அறை எல்லாமே நல்ல இடங்கள்தான். ஓடும் பேருந்து மட்டும் வேண்டாம்.

பலர் மறப்பது, பூட்டிய திரையில் எட்டிப் பார்க்கும் மெசேஜ். நோட்டிஃபிகேஷனில் உள்ளடக்கம் தெரியாதபடி மாற்றிவிடுங்கள். பணம் கட்டிய விவரம் யாருடைய போனுக்கு எஸ்எம்எஸ் போகிறது என்றும் பாருங்கள்.

கேள்வி (முத்துக்குமார், மதுரை): யார் உண்மையில் படித்தவர் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

‘கவுன்சலர்’ என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்கிறார்கள், அதனால் சந்தேகம் நியாயம்தான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு, கவுன்சில் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு எண். எம்எஸ்சி படித்த ஆலோசனை உளவியலாளர்கள் பலர் மறுவாழ்வுக் கவுன்சில் பட்டியலில் இருக்க மாட்டார்கள். அவர்களிடம் எங்கே படித்தீர்கள், எந்த மூத்தவரின் மேற்பார்வையில் வேலை செய்கிறீர்கள் என்று கேளுங்கள். கேட்டதற்கே முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள். ‘10 அமர்வில் முழு குணம்’ என்று உறுதி கொடுப்பவரிடமும் பணம் கட்டாதீர்கள்.

கேள்வி (ரேவதி, சேலம்): காசு கொடுத்துப் பார்க்க வசதி இல்லை.

14416-க்கு அழையுங்கள். அக்டோபர் 2022-இல் தொடங்கிய அரசின் டெலிமனாஸ் என்ற மனநலத் தொலைபேசி சேவை. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். அவசரத்துக்கும், அடுத்து எங்கே போவது என்று அறியவும் நல்லது. ஆனால் வாராவாரம் அதே ஆளிடம் தொடர்ந்து பேசுவதற்கு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் கேளுங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம், ஈரோடு): மாமியார் எதற்கெடுத்தாலும் குறை சொல்கிறார். கணவர் கவுன்சலிங்குக்கு வர மாட்டேன் என்கிறார். நான் மட்டும் போய் என்ன பிரயோஜனம்?

பிரயோஜனம் உண்டு. ஆனால் நீங்கள் கொண்டுபோவதைப் பொறுத்தது. ‘எப்பவும் குறை சொல்றாங்க’ என்று ஆரம்பித்தால் 50 நிமிடமும் புலம்பலில் போய்விடும். ஒரே ஒரு சம்பவத்தைக் கொண்டுபோங்கள், இப்படி:

நடந்தது: செவ்வாய் காலை 8 மணி. குழந்தைக்கு டிபன் பாக்ஸ் கட்டும்போது, “இட்லி கல்லு மாதிரி இருக்கு” என்றார்.
மனதில் ஓடியது: எவ்வளவு செய்தாலும் இந்த வீட்டில் நான் வெளி ஆள்தான்.
உடம்பில்: தொண்டை அடைத்தது, கை நடுங்கியது.
செய்தது: பதில் சொல்லவில்லை. தட்டை ‘டங்’கென்று வைத்தேன். கணவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி வரியைப் பாருங்கள். ஆலோசகர் அங்கேதான் நிற்பார். இட்லி வலித்ததா, கணவரின் மௌனம் வலித்ததா? பெரும்பாலும் இரண்டாவது. அப்படியென்றால் வேலை மாமியாரைத் திருத்துவதில் இல்லை, கணவரிடம் என்ன கேட்பது என்பதில். ‘உங்க அம்மாவைக் கண்டிங்க’ என்றால் எந்த மகனும் விறைத்துக்கொள்வார். “அம்மாவை எதுவும் சொல்ல வேண்டாம். அப்போ நீங்க ‘எனக்கு நல்லாத்தான் இருக்கு’ன்னு ஒரு இட்லி எடுத்துச் சாப்பிடுங்க, போதும்” என்றால் செய்யக்கூடிய காரியம். இந்த வாக்கியத்தை அமர்விலேயே நாலைந்து தடவை சொல்லிப் பழகுங்கள். ஆலோசகர் கணவராகப் பேசி மறுத்துக் காட்டுவார். வீட்டில் சொல்வது இரவு களைத்துப் படுக்கும் நேரமாகவோ, சண்டை நடந்த அரை மணிக்குள்ளாகவோ இருக்கக் கூடாது. சொன்னவுடன் மாறாது, இரண்டு மூன்று முறை கேட்க வேண்டியிருக்கும்.

ஒன்று: வீட்டில் அடி, மிரட்டல் இருந்தால் கணவரோடு கூட்டு அமர்வு வேண்டவே வேண்டாம். அங்கே நீங்கள் சொன்னதற்கு வீட்டில் தண்டனை கிடைக்கும். முதலில் பெண்கள் உதவி எண் 181-க்கு அழையுங்கள்.

கேள்வி (கார்த்திக், சென்னை): ஐடி வேலை. படுத்தால் ஆபீஸ் நினைப்பு. ‘கவலை நேரம்’ ஒதுக்கச் சொன்னார்கள், எனக்கு வேலை செய்யவில்லை.

படுக்கையில் செய்திருப்பீர்கள். மாலை 6.30 மாதிரி, தூங்குவதற்குப் பல மணி நேரம் முன்னால், நாற்காலியில் உட்கார்ந்து, 15 நிமிடம், கவலைகளைப் பேப்பரில் எழுத வேண்டும். எழுதியதில் நாளைக்கு ஏதாவது செய்ய முடிவதற்கு எதிரே முதல் படியைக் குறியுங்கள், மற்றதை அப்படியே விடுங்கள். இரவில் நினைப்பு வந்தால் விரட்டாதீர்கள், விரட்டினால் கூடும். ‘நாளை 6.30-க்கு’ என்று தள்ளிப் போடுங்கள். இரண்டு வாரம் தினமும் செய்த பிறகு பலனைச் சொல்லுங்கள்.

மூச்சுப் பயிற்சி செய்பவர்களுக்கு: 4 எண்ணி இழுத்து, 6 எண்ணி விடுங்கள், 5 நிமிடம். தலை சுற்றினால் காற்றை அளவுக்கு மீறி இழுக்கிறீர்கள். மெதுவாக, சின்ன மூச்சாக.

கேள்வி (பிரியா, கோவை): நாலு அமர்வு முடிந்தது. அவர் தலையாட்டுகிறார், நான் பேசுகிறேன். அவ்வளவுதான்.

அதை அவரிடமே சொல்லுங்கள். “எனக்கு வாராவாரம் செய்ய ஏதாவது பயிற்சி வேணும்” என்று கேட்டால் நல்ல ஆலோசகர் கோபப்பட மாட்டார். கூடவே, முன்னேற்றத்தை எப்படி அளக்கிறீர்கள் என்றும் கேளுங்கள். பலர் மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 என்ற படிவத்தைப் பயன்படுத்துகிறார்கள். கடந்த இரண்டு வாரம் பற்றி 9 கேள்விகள், அதிகபட்சம் 27 மதிப்பெண். மாதம் ஒரு முறை நிரப்பினால், 5 புள்ளி குறைந்தாலே நல்ல மாற்றம். ஒன்பதாவது கேள்வி சாகத் தோன்றுவது பற்றியது. அதில் மறைக்காதீர்கள், உடனே யாரும் போலீஸைக் கூப்பிட மாட்டார்கள், முதலில் விவரம் கேட்பார்கள். இன்னும் இரண்டு அமர்வு பார்த்தும் மாறவில்லையென்றால் ஆளை மாற்றலாம்.

கேள்வி (அகமது, துபாய்): ஊரில் இருக்கும் ஆலோசகரிடம் வாட்ஸ்அப் காலில் பேசலாமா?

அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு முடக்கப்பட்டிருக்கிறது. ஜூம், டீம்ஸ் போன்றவற்றில் ஏற்பாடு செய்யுங்கள். ஊர் நேரம் ஒன்றரை மணி முன்னால் ஓடுகிறது, இரவு 8 மணிக்கு நீங்கள் கேட்டால் அவருக்கு 9.30. ஷிப்ட் மாறுவதானால் ரத்து விதியைக் கேட்டு வையுங்கள், 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் முழுக் கட்டணமும் எடுப்பவர்கள் உண்டு.

கேள்வி (விஜயா, திருச்சி): மகளுக்கு 16 வயது. அவள் பேசுவதை ஆலோசகர் என்னிடம் சொல்வாரா?

வரி வரியாகச் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. உயிருக்கு ஆபத்து, யாராவது துன்புறுத்துவது போன்றவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். இந்த எல்லையை முதல் நாள் மூவரும் சேர்ந்து பேசிவிடுங்கள். அமர்வு முடிந்ததும் “என்னடி பேசினே?” என்று கேட்காதீர்கள், அடுத்த வாரம் அவள் வாயே திறக்க மாட்டாள்.

கேள்வி (சுந்தர், தஞ்சாவூர்): தூக்க மாத்திரை எழுதித் தருவார்களா?

உளவியலாளர் தர முடியாது, மனநல மருத்துவர்தான் தரலாம். சில மருந்துகளை ஆன்லைனில் எழுதக் கூடாது என்று 2020 தொலைமருத்துவ நெறிமுறைகள் தடுக்கின்றன, அதற்கு நேரில் போக வேண்டும். ஏற்கெனவே சாப்பிட்டு வந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி (செல்வி, மறுபடி): கேமராவை அணைத்துவிட்டுப் பேசலாமா?

தாராளமாக.