டச்சில் "என்ன குளிர்!" என்று வியக்க நினைத்து "ஹூ கௌட் இஸ் ஹெட்!" என்றால், பதிலுக்கு ஏன் வெப்பநிலையைச் சொல்கிறார்கள்?

நீங்கள் சொன்னது கேள்வி, அதனால்தான். "எவ்வளவு குளிராக இருக்கிறது?" என்றே அது காதில் விழும். ஆங்கில 'ஹவ்' மனதில் இருப்பதால் கை தானாக 'ஹூ' பக்கம் போகிறது. டச்சுப் பேச்சில் வியப்புக்கு முதலில் வருவது 'வட்', அதாவது 'என்ன'. நாம் "என்ன குளிர்!" என்பதும் அப்படித்தானே? இந்த இடத்தில் ஆங்கிலத்தை விடத் தமிழ்தான் நல்ல வழிகாட்டி. ("ஹூ மோய்!", அதாவது 'எவ்வளவு அழகு!', என்பதும் உண்டு, கொஞ்சம் எழுத்து வாடை அடிக்கும்.)

சரியான வாக்கியம்: "வட் இஸ் ஹெட் கௌட்!" வட், அடுத்து வினை, பிறகு எழுவாய், கடைசியில் பண்புச்சொல். அழுத்தம் கௌட் மேல் விழ வேண்டும்.

பெயர்ச்சொல் வந்தால் 'வட் அன்'. "வட் அன் மோயெ ஃபீட்ஸ்!" என்றால் என்ன அழகான சைக்கிள்! பலர் சறுக்குவது அந்த 'எ' விகுதியில். டச்சுப் பெயர்ச்சொல்லுக்கு முன் ஆங்கில 'தி' போல 'டெ' அல்லது 'ஹெட்' வரும். ஃபீட்ஸ் 'டெ' சொல், ஆகவே மோயெ. புத்தகம் 'ஹெட்' சொல், ஆகவே "வட் அன் மோய் புக்!" பன்மையில் இரண்டுக்குமே மோயெதான். பேச்சில் இதைப் பிரித்தும் போடுவார்கள்: "வட் ஹெப் யெ அன் மோயெ ஃபீட்ஸ்!" என் காதுக்கு இதுதான் இயல்பு.

'அன்' என்றால் 'ஒரு'. ஆனாலும் வியப்பில் பன்மையோடும் ஒட்டும். ஏப்ரல் 27, அரசர் தினத்தன்று ஆம்ஸ்டர்டாம் தெருக்களைப் பார்த்து "வட் அன் மென்செ!" எனலாம்: அம்மாடி, எவ்வளவு ஜனம்! இலக்கணப் பிழையோ என்று 'அன்'னை நீக்கிவிடாதீர்கள்.

'வட்' இல்லாத வகைகளும் உண்டு. "டட் யெ டட் நொஹ் வேட்!" என்பது "அது உனக்கு இன்னும் ஞாபகம் இருக்கே!" இதில் வினை நம்முடையதைப் போலக் கடைசிக்குப் போய்விடும். இன்னொன்றில் வினையே முதலில்: "ஹெப் யெய் ஏவென் கெலுக்!", உனக்கு அதிர்ஷ்டம்தான் போ! 'ஏவென்' என்றால் சாதாரணமாக 'ஒரு நிமிஷம்'. இங்கே வியப்பைத் தாங்குவதே அதுதான். அதை விட்டுவிட்டால் "உனக்கு அதிர்ஷ்டம் இருக்கிறதா?" என்று மறுபடி கேள்வியாகக் காதில் விழலாம்.